ஒருவருக்கு ஒரு மேசை: ஜப்பானிய உணவகத்தில் தனியாகச் சாப்பிடலாம், வாங்க!

“எத்தனை பேர், ஆன்ட்டி?”

கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் உள்ள ஜப்பானிய உணவகத்தின் வாசலில் நின்ற இளையர் கேட்ட கேள்வி இது. எளிய கேள்விதான். ஆனாலும் ‘ஒருவர்’ என்று பதில் சொல்ல எனக்குச் சில விநாடிகள் பிடித்தன. அதற்கு முன் இரண்டு முறை அதே வாசல்வரை வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த மாதிரி உணவுகளைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவள் நான்.

கணவர் இருந்தவரை வெளியில் சாப்பிடுவது என்றால் குறைந்தது இருவர் போவோம். பிள்ளைகளும் வந்தால் நால்வர். அவர் காலமாகி, பிள்ளைகளும் தங்கள் தங்கள் வீடுகளுக்குப் போன பிறகு, என் மதிய உணவு மெல்ல மெல்ல ஒரு ரொட்டித் துண்டாகவும் காப்பியாகவும் சுருங்கியது. ஒருத்திக்காக எதற்குச் சமைப்பது என்ற சலிப்பு ஒரு பக்கம். ஒருத்தியாக எப்படிக் கடையில் உட்காருவது என்ற கூச்சம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் சாப்பாடே இல்லாமல் போனது. பலதுறை மருந்தகத்தில் என் எடையைக் குறித்த தாதி, “சரியாகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

இந்தக் கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சமிருப்பதைக் கடைசியில் சாப்பிட்டுப் பழகியவர்கள் நாம். நமக்காக மட்டும் ஓர் உணவகத்தில் அமர்ந்து, பிடித்ததைக் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிடுவது ஏதோ தவறு செய்வதுபோல் தோன்றும். அந்தத் தயக்கத்தைப் போக்கிக்கொள்ள ஜப்பானிய உணவகம் நல்ல இடம் என்பது என் அனுபவம். அதற்குக் காரணங்களும் உண்டு.

எதிரே காலி நாற்காலி இல்லை

பல உணவகங்களில் தனியாகப் போனால் இருவர் மேசையில் உட்கார வைப்பார்கள். எதிரே இருக்கும் காலி நாற்காலி சாப்பிட்டு முடிக்கும்வரை நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ஜப்பானிய உணவகங்கள் பலவற்றில் சமையற்கூடத்தைப் பார்த்தபடி நீளமான பலகை மேசை ஒன்று இருக்கும். அதைக் ‘கவுன்டர்’ என்பார்கள். அங்கு எல்லாரும் ஒரே திசையில் உட்காருவார்கள். சமையற்காரர் மீனை நறுக்குவதையும் நூடல்ஸை வடிப்பதையும் வேடிக்கை பார்க்கலாம். தனியாக வந்தவர் யார், கூட்டமாக வந்தவர் யார் என்றே தெரியாது.

இந்த அமைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று நாம் அறிந்த சுஷி, 19ஆம் நூற்றாண்டில் எடோ என்று அழைக்கப்பட்ட தோக்கியோவின் தெருவோரக் கடைகளில், வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்ட உணவு. ஜப்பானிய ரயில் நிலையங்களில் நின்றுகொண்டே சோபா நூடல்ஸ் சாப்பிடும் கடைகள் இன்றும் உள்ளன.

சுழலும் பட்டையில் சுஷித் தட்டுகள் வரும் கடையை 1958ல் ஒசாகா வட்டாரத்தில் முதன்முதலாகத் திறந்தவர் யோஷியாக்கி ஷிராய்ஷி. மதுபான ஆலையில் போத்தல்கள் பட்டையில் நகர்ந்து வருவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை தோன்றியது. குறைந்த ஊழியர்களை வைத்து நிறைய பேருக்குப் பரிமாற வேண்டும் என்பது அவர் நோக்கம். 1970ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சி மூலம் அது பலருக்கும் அறிமுகமானது. தனியாக வருவோருக்கு அதில் ஒரு வசதி: இரண்டு தட்டு போதும் என்றால் இரண்டே தட்டு எடுக்கலாம், யாரையும் கூப்பிடவும் வேண்டாம்.

தனியாக வரும் வாடிக்கையாளரைக் குறிக்க ஜப்பானியர்களிடம் ஒரு சொல்லே இருக்கிறது: ‘ஓஹிதோரிசாமா’. ‘ஹிதோரி’ என்றால் ஒருவர். ‘சாமா’ என்பது நாம் ‘அவர்கள்’ என்று சேர்ப்பதைப்போன்ற மரியாதைச் சொல். ‘ஒருவர் அவர்கள்’ என்று வைத்துக்கொள்ளலாம். சமூகவியலாளர் சிசுகோ உவெனோ, முதுமையில் தனியாக வாழும் பெண்களைப் பற்றி 2007ல் எழுதிய நூலின் தலைப்பில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அந்த நூல் அங்கு பெருமளவில் விற்பனையானது.

தட்டில் ஒரு முழுச் சாப்பாடு

சீன உணவகத்தில் ஒருவர் போய் ஒரு முழு மீனைக் கேட்க முடியாது. வட இந்திய உணவகத்தில் ஒரு பருப்பு, ஒரு காய்கறி, இரண்டு நாண் என்றாலே ஒருவருக்கு அதிகம். ஜப்பானிய உணவகத்தில் பெரும்பாலான உணவுகள் ஆளுக்கொரு தட்டாகவே வரும்.

‘தெய்ஷோக்கு’ எனப்படும் தொகுப்பு உணவு நம் சாப்பாட்டைப் போன்றது. ஒரு தட்டத்தில் சோறு, மீசோ சூப், வறுத்த அல்லது வாட்டிய மீன் அல்லது கோழி, கொஞ்சம் ஊறுகாய் எல்லாம் வந்துவிடும். ரசமும் ஊறுகாயும் இருக்கும் இடத்தில் மீசோவும் மஞ்சள் முள்ளங்கியும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிண்ணத்தில் சோற்றின் மேல் கறி வைத்துத் தருவது ‘தொன்புரி’. ராமென், ஊடோன் ஆகிய நூடல்ஸ் வகைகளும் ஒருவருக்கு ஒரு கிண்ணம்தான்.

முதல் முறை போகிறவர்களுக்கு

மதியம் 12 மணியிலிருந்து 2 மணிவரை கூட்டம் இருக்கும். இரண்டரை மணிக்குப் போனால் அவசரமின்றிச் சாப்பிடலாம். வாசலில் வரிசை எண் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக இருப்பதால் ‘கவுன்டர் இருக்கை போதும்’ என்று சொன்னால் பல நேரங்களில் சீக்கிரம் அழைத்துவிடுவார்கள்.

இப்போது பல கடைகளில் மேசையில் உள்ள கியூஆர் குறியீட்டைத் திறன்பேசியால் வருடித்தான் உணவு கேட்க வேண்டும். அது பழக்கமில்லை என்றால் ஊழியரிடம் தயங்காமல் சொல்லுங்கள், உதவுவார்கள். நடுவில் கைகழுவப் போக வேண்டியிருந்தால், ‘இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை’ என்று ஊழியரிடம் சொல்லிவிட்டு, கைப்பையை உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை சொல்லாமல் போய்த் திரும்பியபோது என் பாதிக் கிண்ண ஊடோனைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள்!

சாப்ஸ்டிக் பிடிக்க வராது என்று கவலைப்பட வேண்டாம். கரண்டி கேட்டால் தருவார்கள். சோற்று உருண்டையின் மேல் மீன் வைத்த சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவதும் முறையானதே. நமக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. சூப் கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குடிக்கலாம். ஒன்றை மட்டும் தவிர்க்கவும்: சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக்கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் ஜப்பானியர்கள் அப்படி வைப்பார்கள்.

சைவ உணவு உண்பவர்கள் கவனிக்க

ஒரு வெள்ளிக்கிழமை, காய்கறித் தெம்புரா சைவம்தானே என்று வாங்கி, பாதி சாப்பிட்ட பிறகுதான் தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஜப்பானியச் சமையலின் அடிப்படை ‘தாஷி’ என்னும் சாறு. கடற்பாசியோடு, சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் சீவியதையும் சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். நம் வீடுகளில் சம்பலுக்குப் போடும் மாசியும் அதே சூரை மீன்தான். மீசோ சூப், ஊடோன் சாறு, தெம்புராவுக்கான சாறு ஆகியவற்றில் பெரும்பாலும் தாஷி இருக்கும்.

வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய ‘கப்பா மாக்கி’, அவகாடோ சுருள், உப்பிட்டு அவித்த பச்சை சோயா அவரையான ‘எடமாமே’ ஆகியவை பாதுகாப்பான தேர்வுகள். இனிப்பான தோஃபு உறையில் சோறு வைத்த ‘இனாரி’யைப் பார்த்தால் சைவம்போல் தெரியும். ஆனால் உறையைத் தாஷியில் வேகவைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஜப்பானியக் ‘கறே’ வாங்கும்போதும் விசாரிக்க வேண்டும். பெயர் நம் ‘கறி’யிலிருந்து ஆங்கிலேயர் வழியாகப் போனதுதான் என்றாலும், குழம்புக் கட்டிகள் பலவற்றில் மாட்டு அல்லது பன்றிக் கொழுப்பு இருக்கும். ‘தொன்கொத்சு’ ராமென் என்றால் பன்றி எலும்புச் சாறு. முஸ்லிம் வாசகர்கள் முயிஸ் ஹலால் சான்றிதழ் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற அறிவிப்பு மட்டும் போதாது, ஏனெனில் சமையலில் மிரின், சாக்கே போன்ற அரிசி மது சேர்ப்பது வழக்கம்.

கட்டணச்சீட்டைப் பாருங்கள்

பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணமும் 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியும் சேரும் என்று அர்த்தம். வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குக் கணக்கிடப்படும். 18 வெள்ளி உணவு முதலில் 19.80 வெள்ளியாகி, கடைசியில் 21.58 வெள்ளி ஆகிவிடும். சில கடைகளில் பச்சைத் தேநீருக்கும் ஈரத் துண்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு. வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடலாம். வாரநாள் மதியத்தில் தொகுப்பு உணவு மலிவாகக் கிடைக்கும் கடைகளும் உள்ளன. எனக்கு இது மாதத்தில் இரண்டு முறை செய்யும் செலவு. மற்ற நாள்களில் உணவங்காடி நிலையம்தான்.

தனியாக உண்பது வேறு, தனிமை வேறு

எப்போதும் தனியாகவே சாப்பிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மற்றவர்களோடு அடிக்கடி சேர்ந்து சாப்பிடுவோர் வாழ்க்கையில் கூடுதல் மனநிறைவு கொண்டிருப்பதாக 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையும் கூறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரும்போது என் வீட்டு மேசையில் இடம் போதாது. அந்தச் சாப்பாட்டுக்கு ஈடில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு வரும்வரை இடையில் ஆறு நாள்கள் இருக்கின்றன. துணை வந்தால்தான் சாப்பாடு என்றிருந்தால் அந்த ஆறு நாள்களும் பட்டினிதான். அப்படித்தான் என் எடை குறைந்தது.

போன மாதம் கவுன்டரில் உட்கார்ந்து வாட்டிய மீனும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு பெண் வெளியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அவரும் அண்மையில் கணவரை இழந்தவர்.

“என்னக்கா, தனியா உட்கார்ந்திருக்கீங்க? யாருக்காவது காத்திருக்கீங்களா?”

“இல்லம்மா, சாப்பிட வந்தேன்.”

அவர் என் தட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என்ன நினைத்தாரோ என்று எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து குறுந்தகவல் வந்தது: “அக்கா, அந்தக் கடை வாசல்ல போய் என்ன சொல்லணும்?”

நான் பதில் அனுப்பினேன்: “ஒருத்தர்னு சொல்லும்மா, உட்கார வெச்சிடுவாங்க.”