நாக்கு எட்டாத இடம்

எட்டயபுரத்தைத் தாண்டித் தூத்துக்குடி சாலையில் போனால் எப்போதும்வென்றான் வரும். சுற்றிலும் கரிசல் காடு. கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளைந்த பூமி. இப்போது மக்காச்சோளம் கூடியிருக்கிறது. தானியம் இருக்கிற வீட்டுக்கு எலி வரும், எலி வருகிற வீட்டுக்குப் பூனை வேண்டும். குலுக்கையில் தானியம் கொட்டிவைத்த காலத்திலிருந்தே இந்த வட்டாரத்தில் பூனை வேலை பார்த்துச் சோறு தின்கிற பிராணி. அதனாலோ என்னவோ, அதன் உடம்பை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. என்றாவது ஒருநாள் திண்ணையில் படுத்திருக்கும்போது முதுகில், வாலடியை ஒட்டி, வெள்ளை வெள்ளையாகச் செதில் தெரியும். கறுப்புப் பூனையென்றால் சட்டென்று கண்ணில் படும். “காத்து காயுது, தோலு வறண்டுபோச்சு” என்பார்கள். அடுத்து தேங்காயெண்ணெய்க் கிண்ணம் வரும்.

காற்றைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெய்கிற பகுதி இது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். ஆனி, ஆடியில் வீசுகிற மேல்காற்று மலைக்கு அந்தப்புறம் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருவது. நம் உதடு வெடிக்கிறது, குதிகால் வெடிக்கிறது. பூனைக்கும் அப்படித்தானே என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் பூனைக்கு வறட்சி புதிதல்ல. உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை வழியில் வந்தவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. குறைந்த தண்ணீரில் காலம் தள்ளவும், சிறுநீரை மிகவும் கெட்டியாக்கி வெளியேற்றவும் தெரிந்த உடம்பு அது. காய்ந்த காற்று செதிலைக் கொஞ்சம் கூட்டலாம். அதே தெருவில் பத்துப் பூனை பளபளவென்று திரியும்போது ஒன்றின் முதுகு மட்டும் வெளுத்திருந்தால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

செதில் என்பது எல்லாத் தோலிலும் உதிர்வதுதான். தோலின் அடியில் பிறக்கிற செல்கள் மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, செத்து, உதிர்வதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மேலே பனையோலைக் கூரை வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அவை படிந்திருக்கும்; இடையிடையே கொழுப்பு நிறைந்து உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும். நல்ல தோலில் செல்கள் ஒவ்வொன்றாக உதிர்வதால் நமக்குத் தெரிவதில்லை. கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் பொடுகு. மனிதத் தலைப் பொடுகில் மலசீசியா என்ற ஈஸ்டுக்குப் பெரிய பங்குண்டு. பூனைப் பொடுகு பெரும்பாலும் அந்த வகையல்ல. ஆகவே நம் பொடுகு ஷாம்பூ அதற்கு உதவாது. அதில் இருக்கிற மருந்துகள் கெடுதலும் செய்யும்.

பூனையின் தோலைப் பராமரிப்பது அதன் நாக்கு. விழித்திருக்கும் நேரத்தில் கால்வாசி வரை பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் செலவிடுகிறது. அந்த நாக்கு நம் கையில் பட்டால் சொரசொரக்கும்; உள்நோக்கி வளைந்த முட்கள், நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. இந்த முட்கள் வெறும் கூம்புகள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் நுண் சி.டி. ஸ்கேனில் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. வாயிலிருக்கும் எச்சிலைத் தானாகவே உறிஞ்சிக்கொண்டு, முடிக்கற்றைக்குள் இறங்கி, அடித்தோல் வரை கொண்டுபோய் விடுகிறது அந்தப் பள்ளம். வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலி வரை ஆறு இனங்களின் நாக்கைப் பார்த்தார்கள். ஆறிலும் இதே அமைப்பு. நீண்ட அடர்முடி கொண்ட பெர்சியன் பூனையில்தான் முள் தோலைத் தொட முடியாமல் போகிறது. நகரத்து வீடுகளில் ஆசையாக வாங்கி வளர்க்கும் பெர்சியனுக்குத் தினமும் சீவிவிட வேண்டியிருப்பது இதனால்தான். நம் நாட்டுப் பூனைக்குக் குட்டை முடி; அதன் நாக்கே போதும்.

இந்த நாக்கு குளிர்சாதன வேலையும் செய்கிறது. பூனைக்கு வியர்ப்பது பாதங்களின் அடியில் மட்டும். சித்திரை வெயிலில் காற்றின் சூடு பூனையின் உடல் சூட்டை, அதாவது 38, 39 டிகிரியைத் தொட்டுவிட்டால், நிழலில் படுத்தால் மட்டும் உடம்பு ஆறாது. தோலில் ஈரம் ஆவியாக வேண்டும். அதற்குத் தேவையான குளிர்ச்சியில் நான்கில் ஒரு பங்கு வரை எச்சிலால் கிடைக்கலாம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. கரிசல் வெயிலில் பூனை விடாமல் நக்குகிறதென்றால் அது தன் உடம்புத் தண்ணீரைச் செலவழிக்கிறது என்று பொருள். ஒரு மண்சட்டியில் நல்ல தண்ணீர், சோற்றுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி, நிழலில் எப்போதும் இருக்கட்டும்.

இப்போது அந்த வாலடியைப் பாருங்கள். உடம்பை வில்லாக வளைத்துத் திரும்பினால்தான் பூனையின் நாக்கு எட்டுகிற இடம் அது. மூட்டு வலிக்கிற கிழப்பூனையாலும் வயிறு பெருத்த பூனையாலும் அப்படி வளைய முடியாது. பல் கெட்டு வாய்ப்புண் வந்த பூனை நக்குவதையே விட்டுவிடும். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை நொண்டவே இல்லை. வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி அது. முதுகுச் செதில் காட்டிக்கொடுக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் வாலின் மேல்பக்கத்தில் நெருக்கமாக இருப்பதால், அங்கே வருகிற செதில் சில நேரம் பிசுபிசுப்பாகக்கூட இருக்கும். தொட்டுப் பார்த்தால் தெரியும். அதைப் போய் வறட்சி என்று சொல்லி மேலும் எண்ணெய் தடவினால் என்ன ஆகும்?

அடுத்த காரணம் சோறு. பால்சோறும் ரசஞ்சோறும் போட்டு வளர்த்த பூனை எலி பிடித்துத் தின்கிறவரை தாங்கும். வீட்டோடு கட்டுண்டு கிடந்தால் தாங்காது. செடிகொடியின் எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலத்திலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தை நம் உடம்பு தயாரித்துக்கொள்ளும். பூனையால் முடியாது என்பதை ரிவர்ஸ், சின்கிளேர், கிராஃபோர்டு ஆகிய மூவர் 1975இல் எழுதினார்கள். கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற கரோட்டினை வைட்டமின் ஏ ஆக்கவும் பூனைக்குத் தெரியாது. இரண்டும் மாமிசத்திலிருந்து வந்தாக வேண்டும். குறைந்தால் முதலில் மங்குவது முடியும் தோலும்தான். தூத்துக்குடிக் கரையிலிருந்து வண்டியில் மீன் வருகிற ஊர்களுக்கு வழி சுலபம். உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய சாளை, அவித்த முட்டை, கொஞ்சம் கோழி ஈரல். மீனை மட்டுமே மாதக்கணக்கில் போடக்கூடாது. வைட்டமின் ஈ குறைந்து வேறு நோய் வரும். ஈரலும் எப்போதாவதுதான். கருவாட்டின் உப்பு ஆகாது.

சரி, இளம் பூனை, நன்றாகத் தின்கிறது, நன்றாக வளைகிறது, ஆனாலும் செதில் கொட்டுகிறது என்றால்? கிழிந்துபோன கறுப்புக் குடைத்துணி இருந்தால் எடுங்கள். அதன்மேல் பூனையை நிறுத்திப் பேன் சீப்பால் முதுகைச் சீவுங்கள். விழுந்த வெள்ளைத் தூளைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கி இரண்டு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். தூளில் ஒன்றிரண்டு நகர்ந்தால் அது பொடுகல்ல, செயிலெட்டியெல்லா என்ற சிற்றுண்ணி. அரை மில்லிமீட்டர்கூட இராது. செதிலுக்கு அடியில் புகுந்து நடப்பதால் செதிலே நடப்பதுபோல் தெரியும். மருத்துவர்களும் இதை நடக்கும் பொடுகு என்றுதான் சொல்கிறார்கள். பூனையை மடியில் வைத்துக்கொள்கிறவர்களின் கையிலும் வயிற்றிலும் சிவந்த அரிப்புத் தடிப்புகள் வந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். சீப்பில் மிளகுத்தூள் நிறத்தில் ஏதாவது வந்தால் ஈரமான வெள்ளைத்துணியில் வைத்து நசுக்குங்கள். செந்நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, பூனையின் சொந்த ரத்தம்.

வட்டமாக முடி உதிர்ந்து செதில் கட்டினால் படர்தாமரை. பிள்ளைகளுக்கு எளிதில் தொற்றும். காதோரத்தில் தடித்த பொருக்கும் தாங்க முடியாத அரிப்பும் என்றால் சொறி உண்ணி. இவற்றுக்கெல்லாம் நல்ல மருந்து இருக்கிறது. ஒன்று மட்டும் தனியே சொல்ல வேண்டும்: வெள்ளைப் பூனையின் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத செதிலும் புண்ணும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பல வருட வெயில் பட்டு வருகிற தோல் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். நிழலில்லாத இந்தச் சீமையில் அதை மறக்கக்கூடாது.

கைவைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பூனையின் தோலில் தடவுவது எதுவும் தோலில் நிற்காது. அரை மணி நேரத்தில் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போய்விடும். தேங்காயெண்ணெய் கொல்லாது, வயிற்றைக் கலக்கும். கற்பூரம் குழைத்த எண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் வேண்டாம். பல நஞ்சுகளை முறிக்க நம் கல்லீரல் பயன்படுத்தும் ஒரு நொதியின் மரபணு பூனைக் குலத்தில் என்றோ பழுதாகிவிட்டது. நாம் காய்ச்சலுக்கு விழுங்குகிற ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

இந்த வட்டாரத்தில் நான் அதிகம் பயப்படுவது ஆட்டுக்கொட்டிலைப் பார்த்துத்தான். உண்ணிக்காக ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடிக்கிற மருந்தில் சைபர்மெத்ரினோ டெல்டாமெத்ரினோ இருக்கும். நாய்க்குக் கழுத்தில் ஊற்றும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். ஆடு தாங்கும், நாய் தாங்கும், பூனை தாங்காது. உடம்பு உதறி வலிப்பு வரும். மிச்சமிருந்த அந்த மருந்தைப் பூனை முதுகிலும் கொஞ்சம் தேய்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள். மருந்து அடித்த அன்று பூனையைக் கொட்டிலில் படுக்க விடாதீர்கள். மாட்டையும் ஆட்டையும் பார்க்கிற அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் பூனையையும் பார்ப்பார். அடுத்த முறை ஆட்டுக்கு ஊசி போடப் போகும்போது, மூடிபோட்ட கூடையில் அதையும் கொண்டுபோங்கள்.