பௌர்ணமிக்கு மட்டும் வேலை செய்யும் ஐடியா

2018ல் நானும் என் நண்பனும் திருவண்ணாமலைக்கு ஒரு ஆப் செய்யக் கிளம்பினோம். கிரிவலம் வருகிறவர்களுக்கு லாட்ஜில் ரூம் பிடித்துத் தரும் ஆப். யாரிடம் சொன்னாலும் "அட, நல்ல ஐடியாவாச்சே" என்றார்கள். வீட்டில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள், சென்னையில் ஐடி வேலை பார்க்கும் சீனியர்களும் சொன்னார்கள். ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லவில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்று புரிய எட்டு மாதம் ஆனது.

பிரச்சினை என்னவோ நிஜம்தான். பௌர்ணமி சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும். பையும் குழந்தையுமாக லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவார்கள். வாடகை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு கேட்பார்கள். இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இவ்வளவு கஷ்டம் இருக்கிற இடத்தில் பணம் இல்லாமலா போகும் என்று நினைத்தோம்.

சன்னதி தெருப் பக்கம் ஒரு லாட்ஜ் மேனேஜர்தான் முதலில் உடைத்துச் சொன்னார். "தம்பி, பௌர்ணமிக்கு நீ இல்லாமலே எனக்கு ரொம்பிடுது. மத்த நாள்ல பாதி ரூம் காலியா கெடக்குது. அன்னிக்கு ஆள் கூட்டியாற முடியுமா உன்னால? அதச் சொல்லு."

முடியாது. திருவண்ணாமலையில் சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வர வேண்டுமென்றால், பெங்களூரிலோ சென்னையிலோ ஒருவர் கிளம்ப முடிவு செய்ய வேண்டும். அது எங்கள் ஆப்பின் கையில் இல்லை. ரூமுக்குத் தட்டுப்பாடு இருக்கும்போது லாட்ஜ்காரருக்கு நாங்கள் தேவையில்லை, நாங்கள் தேவைப்படும்போது எங்களிடம் ஆள் இல்லை. வருஷத்துக்கு 12 பௌர்ணமி, சில வருஷம் 13. ஒரு குடும்பம் அதில் ரெண்டு தடவை வந்தால் பெரிசு. வருஷத்துக்கு ரெண்டு தடவை தேவைப்படுகிற ஆப்பை போனில் யார் வைத்திருப்பார்கள்?

இன்னொன்றையும் நாங்கள் கவனிக்கவில்லை. 14 கிலோமீட்டரை ராத்திரியில் நடந்துவிட்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ரூமே வேண்டாம். பையை வைக்க ஒரு இடம், கழிப்பறை, திரும்பிப் போக ஒரு சீட், இவ்வளவுதான் தேவை.

மேனேஜரிடம் நீளமான ஒரு நோட்டு இருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது அவருக்கு வரம் மாதிரி என்று நினைத்தோம். உண்மையில் அந்த நோட்டு அவருக்கு வசதி. வருகிறவர் முகத்தைப் பார்த்து வாடகை சொல்லலாம், தெரிந்தவருக்கு ஒரு ரூமைக் காலியில்லை என்று எழுதி ஒதுக்கி வைக்கலாம். எங்கள் ஆப் அதையெல்லாம் பிடுங்கிக்கொள்ளும். நல்ல மனுஷன், அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "பாக்கலாம் தம்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் ஸ்டேசில்லாவைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். சென்னையில் இனாஸ்ரா என்ற பெயரில் தொடங்கி, பெரிய முதலீடு வாங்கி, ஹோம்ஸ்டே பக்கம் போய், 2017 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட நிறுவனம். அதன் நிறுவனர் யோகேந்திர வசுபால் அப்போது எழுதியதில் ஒரு விஷயம் எங்கள் கதைக்கு அப்படியே பொருந்தியது. ஜெய்ப்பூரில் எல்லா வீட்டையும் நீங்கள் சேர்த்துவைத்தாலும், ஜெய்ப்பூருக்கு வரும் ஆள் வேறு ஊர்களில் இருக்கிறார், அந்தத் தேவையை ஒவ்வொரு ஊரிலும் தனியாக உண்டாக்க வேண்டும் என்பது அதன் சாரம். பணமும் அனுபவமும் இருந்தவர்களையே திணற வைத்த கணக்கு அது. நாங்கள் ரெண்டு லேப்டாப்போடு போயிருந்தோம்.

101 தோல்வியடைந்த ஸ்டார்ட்அப்களைப் பற்றி சிபி இன்சைட்ஸ் தொகுத்த ஒரு பட்டியலில், 42 சதவீதம் பேர் சொன்ன காரணம் சந்தைக்கு அது தேவைப்படவில்லை என்பது. அதைப் படிக்கிற யாரும் தன் ஐடியாவை அந்த 42ல் சேர்க்க மாட்டார்கள். நாங்களும் சேர்க்கவில்லை, ஏனென்றால் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்திருந்தோமே! கஷ்டம் ஒருத்தருக்கு, பணம் கொடுக்க வேண்டியது இன்னொருத்தர், அந்த இன்னொருத்தருக்கு அந்தக் கஷ்டத்தால் லாபம் என்றால் அங்கே வியாபாரம் கிடையாது.

ரெட்பஸ் கதையை எல்லோரும் தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காத இளைஞனின் கதையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. பணீந்திர சாமாவும் நண்பர்களும் முதலில் செய்ய நினைத்தது பஸ் முதலாளிகளுக்கான சாஃப்ட்வேர். முதலாளிகள் அதைச் சீந்தவில்லை. சரி, கொஞ்சம் சீட் கொடுங்கள், நாங்கள் விற்றுத் தருகிறோம் என்றதும் நிலைமை மாறியது. சீட் விற்றால் காசு, அது யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம். பஸ்ஸுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு, பெங்களூர்க்காரர் மாதாமாதம் ஊருக்குப் போகிறார்.

2010ல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் ஃப்ரெஷ்டெஸ்க்கை ஆரம்பித்தபோது அது புது ஐடியாவே இல்லை. ஜென்டெஸ்க் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் விலையை ஏற்றியதும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், அவர் அதைக் கவனித்தார். காசு கொடுத்துப் பழகி, இப்போது கோபமாகவும் இருக்கிற ஆட்கள்! இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும். நாங்கள் "இதை யாருமே செய்யலை" என்று பெருமைப்பட்டுத் திரிந்தோம். யாருமே செய்யாததற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

எங்களுக்கும் ஒரு நல்ல இடம் கிடைத்தது, ஆனால் அப்போது கண்ணில் படவில்லை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகள் நிறைய. ரமண நகரில் மாடியை வாடகைக்கு விடும் ஒரு அம்மாவிடம் ரூம்களைப் பட்டியலில் சேர்க்கப் போனோம். நாங்கள் முடிப்பதற்குள்ளேயே அவர், "ஆள் தானா வர்றாங்க தம்பி. இந்த சி ஃபார்ம் போட்டுக் குடுப்பீங்களா? எவ்ளோ ஆகும்?" என்றார்.

அப்போது வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் அந்தப் படிவத்தைப் போட வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், விசா விவரம், போட்டோ எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது. போட்டோ சைஸ் பெரிசாக இருந்தால் ஏற்கவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் பிரவுசிங் சென்டருக்கு நடந்து, காசு கொடுத்து, வரிசையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார். டிசம்பர், ஜனவரியில் இது வாராவாரம்.

எட்டு மாதத்தில் எங்களிடம் விலை கேட்ட ஒரே ஆள் அவர்தான். நாங்கள் சிரித்துவிட்டு வந்தோம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ரெண்டு இன்ஜினீயர் என்று.

இப்போது யாராவது ஐடியாவோடு வந்தால் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று நான் சொல்வதில்லை. இந்த வேலையை இன்றைக்கு எப்படிச் சமாளிக்கிறார்கள், அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள், மாதத்துக்கு எத்தனை தடவை என்று கேட்கிறேன். நாளைக்கே பத்துப் பேரிடம் போய் முன்பணம் கேளு என்கிறேன். கருத்து கேட்டால் நம்ம ஜனங்கள் மனசு நோகாமல்தான் பதில் சொல்வார்கள், முன்பணம் கேட்டால் உண்மை வந்துவிடும். இப்படித் தேடினால் சின்ன ஐடியாதான் கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். சரிதான், எங்களுக்குக் கிடைத்ததும் சின்னதுதான்.

ரூம் ஆப்பை மூடிய பிறகு வெட்கத்தோடு அந்த அம்மாவிடம் திரும்பிப் போனோம். பாஸ்போர்ட்டைப் போனில் படமெடுத்து அனுப்பினால் படிவம் தயாராகிற மாதிரி ஒன்று செய்தோம். அடுத்த சீசனில் பதினோரு வீடுகள் சேர்ந்தன. மாதம் கையில் நின்றது ஒரு ஆளின் சாப்பாட்டுச் செலவு. 2020 மார்ச்சில் விசா நிறுத்தப்பட்டதும் அதுவும் நின்றது. நண்பன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான்.

சுற்றுலா விசா திரும்பத் திறந்த பிறகு ஒரு காலை அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, ஒரு ஜெர்மன்காரங்க வந்திருக்காங்க. உங்க அது இன்னும் வேலை செய்யுதா?" சர்வருக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தேன். எழுப்புவதற்கு ரெண்டு நாள் ஆகும் என்பதால், அன்றைக்கு அவர் படிவத்தை நானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன்.