காரின் ஸ்பார்க் பிளக்கை நாமே மாற்றலாமா?

காலையில் எஞ்சின் எளிதில் இயங்க மறுப்பதும், சிக்னலில் நிற்கையில் அதிர்வதும், மைலேஜ் குறைவதும் ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகளாகும். அவற்றுக்காகக் காத்திராமல், காரின் கையேட்டில் குறித்துள்ள தூரத்திலேயே மாற்றிவிடுவதுதான் சிக்கனம். நிக்கல் முனை கொண்டவை பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம் முனை கொண்டவை பல கார்களில் 1,00,000 கிலோமீட்டரைத் தொடும். தள்ளிப்போட்டால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். (டீசல் காருக்கு இக்கவலை இல்லை, அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.)

இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் மீதும் ஓர் இக்னிஷன் காயில் அமர்ந்திருக்கும். அதன் மின் இணைப்பைக் கழற்றி, போல்ட்டை நீக்கினால் காயில் மேலே வந்துவிடும். பிளக் இருக்கும் குழியிலுள்ள தூசியைக் காற்றால் ஊதிய பின்னரே பிளக்கைத் திருக வேண்டும். இல்லையேல் மண் சிலிண்டருக்குள் விழும்.

நாம் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் மரை. சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது, மென்மையானது. எஞ்சின் முழுவதும் ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். புதிய பிளக்கை முதலில் விரல் பலத்தால் மட்டுமே திருக வேண்டும். சற்றே இறுகினாலும் பின்வாங்கி மீண்டும் தொடங்குவது நல்லது. இறுதி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் தேவை. வாஷருடன் வரும் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30, 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. கையேடு வேறு அளவைக் கூறினால் அதுவே முடிவு. மரையில் கிரீஸ் தடவினால் அளவுக்கு மீறி இறுகிவிடும். டார்க் ரெஞ்ச் வாங்க மனமில்லாதோர் இவ்வேலையில் இறங்காதிருப்பதே மேல் என்பது நம் கருத்து.

மரை சிதைந்தால், சில நூறு ரூபாய்க் கூலியை மிச்சப்படுத்தப் போய், ஹெட்டையே கழற்ற நேரிடலாம். வழக்கமான மோட்டார் காப்பீடு இயந்திரப் பழுதை ஏற்பதில்லை. கார் பணிமனையில் நின்றாலும் கடன் தவணைக்குரிய தேதி மாறாது.

உத்தரவாதக் காலம் முடியாத காரையும், பிளக்கை எட்டுவதற்கே பல பாகங்களைக் கழற்ற வேண்டிய காரையும் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலேயே விடலாம். நாமே மாற்றினால், பிளக் வாங்கிய ரசீதில் ஓடிய தூரத்தைக் குறித்து வைப்போம். காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.