பிழையைப் பிடிக்கும் ஒரு பைட்

கெடா மாநிலத்தில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பூங்கா. இன்டெல், இன்ஃபினியோன் போன்ற நிறுவனங்கள் இயங்கும் இத்தகைய இடங்களில் வேலைக்குச் சேரும் இளைஞர்களின் காதில் அடிக்கடி விழும் சொல் ‘பஸ்’. இது கூலிம் டவுனுக்குப் போகும் பஸ் அல்ல. மின்பலகையில் உள்ள சில்லுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் கம்பிப் பாதை. பஸ் என்றால் டிரைவர் வேண்டுமே! இங்கே டிரைவர் என்பது, அந்தப் பாதையை இயக்கும் மென்பொருள்.

அந்தப் பாதையில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? கணினியின் வெப்பநிலை 75 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 01001011. மின் இரைச்சலால் முதலில் வரும் 1 மட்டும் 0 ஆக மாறினால், வந்து சேரும் எண் 11! கருவி கொதிக்கிறது, டிரைவரோ குளிர்ச்சியாக இருப்பதாக நம்பிக் காற்றாடியின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதற்குத் தீர்வு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றும்போது கிராணி எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி அனுப்புகிறார். ஆலையில் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். கணக்கு இடித்தால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பேட்டரி, வெப்ப உணரி போன்றவற்றுக்கான ‘எஸ்எம்பஸ்’ என்ற இருகம்பி முறையை இன்டெல், டூராசெல் நிறுவனங்கள் 1995-இல் வெளியிட்டன. 1998-இல் வந்த 1.1 பதிப்பில் இந்தச் ‘சீட்டு’ சேர்ந்தது. முகவரி, கட்டளை, தரவு எல்லாவற்றையும் கணக்கிட்டு, கடைசியில் ஒரு பைட் கூடுதலாக அனுப்பப்படும். பெறுபவரும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். ஒரு பிட் மாறினாலும் விடை பொருந்தாது.

இதை டிரைவரில் சேர்ப்பவர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எதிர்முனைச் சில்லுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பழைய சில்லிடம் கேட்டால் நல்ல செய்தியும் பிழையாகவே தோன்றும். இரண்டாவது, சீட்டு பிழையைக் காட்டுமே தவிர, எது பிழை என்று சொல்லாது. எனவே ஊகித்துத் திருத்தாமல், அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும். மூன்றாவது, திரும்பத் திரும்பப் பிழை வந்தால் அதை மறைக்காமல் மேலே அறிவிக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளம், கணக்கு பொருந்தாத செய்தியை ‘கெட்ட செய்தி’ என்ற பிழைக் குறியுடன் திருப்பிவிடுகிறது.

கார்களில் உள்ள ‘கேன்’ பஸ்ஸில் இந்த வேலையைச் சில்லே செய்துவிடும். பிழையான செய்தி தானாகவே மறுபடி அனுப்பப்படும். எளிய இருகம்பிப் பாதையில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் டிரைவரை எழுதுபவருடையது.

ஒன்றை மறக்கக்கூடாது. உணரியே கெட்டிருந்தால் கூடுதல் பைட்டும் பொருந்தித்தான் நிற்கும். அது காப்பது பாதையை மட்டுமே.