பத்தாவது பாஸ்னா, செக் பண்றது யாரு?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்த சித்தப்பாவோ மாமாவோ உங்க சொந்தத்திலும் இருப்பார். பத்தாவது முடிக்காதவர்னா, அவர் பாஸ்போர்ட்ல 'ஈசிஆர்' குறிப்பு இருக்கும். 1983 எமிக்ரேஷன் சட்டப்படி, 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக, வெளியுறவுத் துறையின் புலம்பெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்கணும். அது இல்லேன்னா திருச்சி ஏர்போர்ட்லயே இமிக்ரேஷன் அதிகாரி நிறுத்திடலாம்.

நமக்கு? பத்தாவது பாஸ், அதனால அந்த அனுமதி தேவையில்லை. வசதிதான். ஆனா நம்ம வேலை ஒப்பந்தத்தை எந்த அலுவலகமும் பார்க்கிறதில்லை. கவுன்ட்டர்ல முக்கியமா பார்க்கிறது பாஸ்போர்ட்டும் விசாவும்தான்.

2022-ல் 'தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை'ன்னு நம்பிப் போன ஐடி தெரிஞ்ச இளைஞர்களை, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைச்சு வச்சு, இணைய மோசடி செய்யச் சொன்னாங்க. தமிழ்நாட்டுப் பசங்களும் அதில் மாட்டினாங்க.

ஆஃபர் வந்தா, இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு பாருங்க. சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்; அதுக்கு மேல கேட்டா விதிமீறல். 'டூரிஸ்ட் விசால போங்க, அங்க மாத்திக்கலாம்'னு சொன்னா கிளம்பவே வேண்டாம்.

மாமாவோட ஒப்பந்தத்தைப் பார்க்க ஒரு அலுவலகம் இருந்துச்சு. உங்களோடதை நீங்கதான் வரி வரியா படிக்கணும்.