அஞ்சறைப் பெட்டிக்குள் ஓர் அரிச்சுவடி

குழந்தைக்கு மூன்று வயது நிறைவதற்குள் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. "இன்னும் ஏ, பி, சி, டி சொல்லலையா?" "ஒண்ணு, ரெண்டு எழுதறானா?" என்று அடுத்த வீட்டுக்காரர் முதல் ஊரிலிருந்து வரும் பெரியப்பா வரை எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள். பெற்றவளுக்கு மனம் துணுக்கென்கிறது. அன்றைக்கே ஒரு எழுத்துப் புத்தகமும் பென்சிலும் வாங்கி வந்து, பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கிறாள். கால் மணி நேரத்தில் பிள்ளை அழுகிறது. அவளும் அழாக்குறையாக எழுந்து சமையலறைக்குப் போகிறாள். அந்த வயதில் பிள்ளை கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தச் சமையலறையில்தான் இருக்கிறது என்பது என் அநுபவம்.

மதுரையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகள் ஆறு பேரைக் காலை எட்டரை மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை நான் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார்களில் ஒருவர் நர்ஸ், ஒருவர் ஜவுளிக் கடையில் இருக்கிறார், இன்னொருவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பூக் கட்டுகிறார். குழந்தைகளுக்கு இரண்டு வயது முதல் நாலரை வயது வரை. எங்கள் வீட்டில் விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான்கள் கிடையாது. முறம், படி, அஞ்சறைப் பெட்டி, அடுக்குச் சட்டி, டபரா, டம்ளர் என்று எல்லார் வீட்டிலும் இருப்பதுதான் இங்கேயும் இருக்கிறது. அவற்றை வைத்தே ஒரு நாள் முழுவதும் பாடம் நடத்தலாம்.

கொடைக்கானலில் ஒரு சிறு பள்ளி

இது என் கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலி நாட்டின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907ஆம் ஆண்டு ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில், வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைக்கவில்லை, 'குழந்தைகள் இல்லம்' என்றே வைத்தார். அங்கே சின்னக் குழந்தைகளுக்கு அவர் கொடுத்த வேலைகள் என்ன தெரியுமா? ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றில் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேஜை துடைப்பது, பெருக்குவது. எல்லாம் நம் வீட்டு வேலைகள்தாம்!

அந்த அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அப்போது கொடைக்கானல் நம் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985இல் அல்லவா? பல வயதுக் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்து அங்கே ஒரு சிறு பள்ளி நடந்தது. மலையில் கிடைத்த செடி கொடிகளும் மற்ற உயிர்களுமே அவர்களுக்குப் பாடம். பெரிய கட்டடமும் நிறையச் சாமான்களும் இருந்தால்தான் குழந்தை கற்கும் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பென்சிலுக்கு முன்னால் விரல்

குழந்தையின் மணிக்கட்டை மெல்லத் தொட்டுப் பாருங்கள். அங்கே எட்டுச் சிற்றெலும்புகள் இருக்க வேண்டும். பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, மெத்தென்ற குருத்தாகவே இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, எட்டும் முழு எலும்பாக உருவாகப் பத்துப் பன்னிரண்டு வயதுகூட ஆகிவிடும். கைத்தசைகளும் மெதுவாகத்தான் பலப்படும். மூன்று வயதுப் பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்துக் கிறுக்குவது அதனால்தான். அது சோம்பலும் இல்லை, மக்கும் இல்லை.

விரலுக்குப் பலம் வர எங்கள் வீட்டில் செய்வது இவை:

*மொச்சை உரித்தல்:* தை மாதம் வந்தால் பச்சை மொச்சையும் பட்டாணியும் மலிவு. மூன்றரை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிடுவேன். தோலை அழுத்திப் பிளக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நாளை பென்சிலைப் பிடிக்கப் போகிறவையும் அந்த விரல்கள்தானே?

*கோலம்:* பச்சரிசி மாவைச் சிட்டிகையாக எடுத்து நான்கு புள்ளி வைக்கச் சொல்வேன். வரிசை கோணினாலும் அழிக்க மாட்டேன். நான்கு வயதுக்காரர்கள் புள்ளியோடு புள்ளி சேர்ப்பார்கள். எழுத்தின் நேர்கோடும் வளைவும் அதிலேயே வந்துவிடுகின்றன.

*பூ எடுத்துக் கொடுத்தல்:* மல்லிகை தொடுக்கும்போது இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைக்கிறோம். காம்பு ஒடியாமல் அந்த இரண்டு பூவை எடுத்துக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. விரல் பதமாகிறது, ஜோடி என்றால் என்ன என்பதும் விளங்கிவிடுகிறது.

*மாவு உருட்டுதல்:* சப்பாத்தி மாவில் ஒரு எலுமிச்சை அளவு கொடுங்கள். உருண்டை, பாம்பு, வட்டம் என்று அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு!

ஆழாக்கு சொல்லும் கணக்கு

"ஒன்று முதல் நூறு வரை சொல்லுவான்" என்று பெருமைப்படும் தாய்மார்கள் உண்டு. சொல்லுவது வேறு, எண்ணுவது வேறு. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம், "அஞ்சு வெங்காயம் எடுத்துட்டு வாப்பா" என்று சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

காலையில் உலைக்கு அரிசி அளப்பது எங்கள் வீட்டில் பெரிய பிள்ளைகளின் உரிமை. எட்டு ஆழாக்கு ஒரு படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. இதை நான் ஒருநாளும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. ஆழாக்கால் அள்ளி அள்ளிப் போட்டு, படி நிறைந்து தலை தட்டும்போது அவர்களே கண்டுபிடித்துக் கூச்சல் போடுவார்கள். "அத்தே, எட்டுதான்! நேத்தும் எட்டுதான்!" என்ற அந்தச் சந்தோஷத்துக்கு எந்த வாய்ப்பாடும் ஈடாகாது.

அடுக்குச் சட்டிகளை வைத்து 'மதுரை விளையாட்டு' ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் சின்ன சட்டிதான் கோயில். அதன் ஓரம்தான் கோயிலுக்குள்ளே இருக்கும் ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சட்டிகளை வைத்துக்கொண்டே போனால் சிறிது பெரிது, உள்ளே வெளியே, முன்னது பின்னது எல்லாம் வந்துவிடும். ஊரின் அமைப்பும் மனதில் பதியும். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்த் தெருக்களை வைத்துக்கொள்ளலாம்.

சித்திரைத் திருவிழா வந்தால் நிறப் பாடம். ஆற்றில் இறங்கும் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று ஊரே காத்திருக்கிறது. பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பார்கள். எங்கள் பிள்ளைகளும் துணிக்கூடையைக் கவிழ்த்து, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பிரித்து, ஆளுக்கு ஒரு நிறத்தைப் பந்தயம் கட்டுவார்கள்.

பேச்சுதான் பெரிய பாடம்

வேலை செய்துகொண்டே பேசுங்கள். "இப்ப கடுகு போடறேன், என்ன சத்தம் கேக்குது? எதுக்கு வெடிக்குது?" என்று கேட்டால் பிள்ளை யோசிக்கிறது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லிச் சீரகம், வெந்தயம், மல்லி என்று மணம் பிடிக்கச் சொல்லலாம். மிளகாயை மட்டும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்!

சௌராஷ்டிர மொழி பேசும் வீட்டுக் குழந்தை ஒன்று எங்களிடம் வந்து இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. "எங்க பாஷையை விட்டுட்டு வீட்டுலயும் தமிழே பேசட்டுமாக்கா?" என்று அதன் தாய் கவலையோடு கேட்டாள். "வேண்டவே வேண்டாம்மா. நீ உன் பாஷையிலேயே கொஞ்சு, கதை சொல்லு" என்றேன். வீட்டு மொழி நன்றாக ஊன்றினால் அடுத்த மொழிக்கு அது இடைஞ்சல் ஆகாது, துணையாகத்தான் இருக்கும். பிறகு நான் உப்பைக் காட்டித் தமிழில் பெயர் சொல்வேன், அவள் தன் மொழியில் சொல்வாள். மற்ற ஐந்து வாண்டுகளும் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கும். அவள் எங்களுக்கெல்லாம் வாத்தியார் ஆன பிறகு பேச்சுக்குக் குறைவே இல்லை.

ஆனால் ஒன்று. இரண்டு வயது ஆகியும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையையும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும், "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதையும் சோதித்துப் பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது.

சோறு ஊட்ட செல்போனைக் கையில் கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். இரண்டு வயது நிறையும் வரை திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. திரை பேசும், ஆனால் குழந்தை சொல்லும் பதிலைக் கேட்காது.

"நோட்டு எங்கேக்கா?"

இந்த வேலையில் எனக்குள்ள பெரிய சிரமம் குழந்தைகளால் வருவதில்லை. மாலையில் வரும் தாய்மார்கள் கேட்கும், "இன்னைக்கு என்ன எழுதினான்?" என்ற கேள்வியால்தான் வருகிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. பணம் கொடுக்கிறார்கள், கையில் காட்ட ஒரு நோட்டு வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

மூன்றரை வயதுப் பையன் ஒருவன். பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போன இடத்தில் பென்சிலைக் கொடுத்து எழுதச் சொன்னார்களாம். அவன் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுவிட்டான். அன்று மாலை அவன் தாய் கண் கலங்க வந்தாள்.

"ஒரு வருஷமா உங்ககிட்ட விட்டிருக்கேன். மொச்சை உரிக்கத்தான் கத்துக்கிட்டானாக்கா? டியூஷன்ல விடலாம்னு இருக்கேன்."

ஒரு பிள்ளை போனால் என் மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். அதைவிட, அந்தப் பையன் கையை மறைத்துக்கொண்டான் என்ற சேதிதான் என்னை வருத்தியது. "அரை நாள் லீவு போட்டுட்டு வந்து இங்கே சும்மா உக்காந்து பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன்.

வந்தாள். பையன் அரிசி அளந்துகொண்டிருந்தான். "இன்னைக்கு அம்மாவும் சாப்பிடும். இன்னும் ஒரு ஆழாக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அள்ளிப் போட்டான். ஏழு தட்டை எடுத்து வைத்தவன், அம்மாவைப் பார்த்துவிட்டு ஓடிப் போய் எட்டாவதைக் கொண்டுவந்தான். யாரும் சொல்லித் தரவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. டியூஷன் பேச்சும் பிறகு எழவில்லை. எழுதச் சொல்லிக் கேட்காத வேறொரு பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று கதை விட மாட்டேன், எல்லாரையும் போலத்தான் எழுதுகிறான். ஆனால் பள்ளிக்குப் போக ஒருநாளும் அழுததில்லை.

கவனம்! கவனம்!

வீட்டுச் சாமானை விளையாட்டுச் சாமான் ஆக்கும்போது சில எச்சரிக்கைகள்:

• மூன்று வயது நிறையாத குழந்தையிடம் பருப்பு, வேர்க்கடலை, புளியங்கொட்டை, சோழி, மணி எதுவும் கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும். அவர்களுக்குக் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, டபரா, டம்ளர் போதும். பெரியவர்கள் உரிக்கும்போது சின்னவர்களை வேறு பக்கம் உட்கார வையுங்கள்.

• தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீரும் சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

• அடுப்பு எரியும்போது சமையலறை வாசலே எல்லை. அளப்பதும் உரிப்பதும் கூடத்தில்தான்.

• கடிகாரம், ரிமோட்டில் உள்ள பொத்தான் பாட்டரியை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

• கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே வேலையில் உட்கார வற்புறுத்தாதீர்கள். எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

சகோதரிகளே, இதற்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எப்படியும் பருப்பு களையத்தான் போகிறீர்கள், துணி மடிக்கத்தான் போகிறீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் வேலை இரண்டு மடங்கு நேரம் ஆகும். கொஞ்சம் சிந்தும், சிதறும். பெருக்கிவிட்டால் போயிற்று. இன்று மாலை கைக்குட்டைகளை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து மடிக்கச் சொல்லிப் பாருங்கள். சதுரம் முக்கோணமாவதைக் கண்டுபிடித்து உங்களை அழைக்கும்போது, அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்து போய்ப் பாருங்கள். அது போதும்.