தொலைவிலிருந்து நாடி பார்த்தல்

நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்ற விஞ்ஞானி இதயத்தின் மின் அசைவைப் பதியும் கருவி ஒன்றை உருவாக்கினார். அதன் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தியசாலையில் இருந்தார்கள். கருவியை அங்கே தூக்கிச் செல்ல வழியில்லை. ஆகவே 1905ஆம் ஆண்டு தொலைபேசிக் கம்பியின் வழியாக இதயத்தின் மின்குறிகளைத் தன் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்துப் பதிந்தார். உப்புக் கரைசல் நிரம்பிய பாத்திரங்களில் இரு கைகளையும் ஒரு காலையும் அமிழ்த்தியபடி ஒருவர் ஓரிடத்தில் இருக்க, அவருடைய இதயத் துடிப்பு இன்னோரிடத்தில் கோடாக விழுந்தது. 1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொலைமருத்துவம் கைத்தொலைபேசியோடு பிறந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நம் நாட்டில் பலருக்கு இது அறிமுகமானது கொரோனாக் காலத்தில். 2020இல் ஊரடங்கு போடப்பட்டபோது கிளினிக் நோயாளிகளின் மருந்துகள் தபால் ஊழியர்கள் மூலம் வீடுகளுக்கு வந்தன. 2021இல் தொற்றுள்ளவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் திட்டம் வந்தது. 1390 என்ற இலக்கத்தை அழைத்துப் பதிந்தவர்களோடு வைத்தியர்கள் தொலைபேசியில் கதைத்தார்கள். கொரோனா போனது, பழக்கம் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் அது நின்றது உம்மம்மாவுக்காக. அவருக்கு இருபது வருடமாக சீனி வியாதி, பிரஷரும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், விடியற்காலையில் இறங்கி, நிபுணரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி இரவு பஸ் ஏற வேண்டும். கால் வீங்கித்தான் வீடு வருவார். இப்போது ஒரு தடவை நேரில், மறு தடவை காணொளியில் என்று நிபுணரே மாற்றித் தந்திருக்கிறார்.

காணொளி அழைப்பு பயன்பட வேண்டுமானால் வீட்டில் எடுக்கும் அளவுகள் சரியாக இருக்க வேண்டும். குருதி அமுக்கம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, இரு பாதங்களும் தரையில் பதிந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். தேநீர் குடித்து அரை மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து எழும்பி வந்து உடனே கையை நீட்டினால் கருவி காட்டுவது அடுப்படியின் அமுக்கத்தைத்தான்! வைத்தியரின் வெள்ளை அங்கியைக் கண்டதும் சிலருக்கு அமுக்கம் கூடிவிடும். அதனால்தான் கிளினிக்கில் 140/90 என்று வைக்கப்படும் எல்லை, வீட்டு அளவீட்டில் 135/85 ஆகக் குறைகிறது. ஒரு நாளின் இலக்கத்தை விட, ஒரு கிழமையாகக் கொப்பியில் எழுதிய இலக்கங்கள் வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.

விரலில் மாட்டும் ஒக்சிசன் மானியை உயிரியல் படிப்பவர்கள் ஒருமுறையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1974இல் வெளியிட்ட தத்துவம் அது. 660 நனோமீற்றர் அளவான சிவப்பொளியும் 940 நனோமீற்றர் அளவான அகச்சிவப்பொளியும் விரலை ஊடுருவுகின்றன. ஒக்சிசன் ஏறிய ஈமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஒக்சிசன் அற்றது சிவப்பை அதிகம் உறிஞ்சும். தோலும் எலும்பும் உறிஞ்சும் அளவு மாறாது. நாடி துடிக்கும்போது மாறுவது நாடிக் குருதி மட்டுமே. அந்த மாற்றத்தைப் பிரித்தெடுத்துத்தான் வீதம் கணிக்கப்படுகிறது. நகப்பூச்சு இருந்தால் அளவு பிழைக்கலாம். கருமையாகப் படியும் மருதோன்றி ஒளியைத் தடுத்துவிடக் கூடும். பெருநாள் முடிந்த கையோடு யாருக்காவது மூச்சுத் திணறினால் இதை நினைவில் வையுங்கள். கருநிறத் தோலில் இக்கருவி உண்மையை விடக் கூட்டிக் காட்டுவதுண்டு என்றும் ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளார்கள். இலக்கம் நன்றாக இருந்தும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

திரைக்குள் அடங்காதவையும் உண்டு. சீனி வியாதிக்காரரின் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, பத்துக் கிராம் விசை தரும் நைலோன் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். அதை எந்தத் தொலைபேசி செய்யும்? வயிற்றை அமுக்கிப் பார்ப்பதும் புண்ணின் மணத்தை அறிவதும் அப்படித்தான். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் இழுத்தல் என்றால் காணொளி அழைப்புக்குக் காத்திருக்கவே கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

இவையெல்லாம் எங்கும் வாசிக்கக் கிடைப்பவை. பெற்றோரிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு: அழைப்பின்போது தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது?

எங்கள் வீட்டில் அது மாமாவின் தொலைபேசி. முதல் அழைப்பில் அவரே அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிபுணர் சிங்களத்தில் கேட்பதை நான் தமிழில் சொன்னேன். சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா என்று நிபுணர் கேட்டார். உம்மம்மா, “ஒண்டுமில்ல” என்றார். இரண்டு நாள் கழித்து அடுப்படியில் உம்மாவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். எரிச்சல் இருந்தது, அரிப்பும் இருந்தது. சீனி கூடியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரணமாக வருவது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போகக் கூடியது. மகன் பக்கத்தில் நிற்க எந்தத் தாய் இதைச் சொல்வாள்? கிளினிக்கில் என்றால் மாமா வெளியே வாங்கில் இருந்திருப்பார். திரைச்சீலை இருந்திருக்கும், தாதி ஒருவரும் இருந்திருப்பார். வீட்டுக்கு வைத்தியரைக் கொண்டுவந்த நாம் அந்தத் திரைச்சீலையைக் கொண்டுவர மறந்துவிடுகிறோம். தங்களுக்கென்று தொலைபேசி இல்லாத பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர்.

மாமாவிடம் உம்மா பேசினார். அடுத்த முறை அவர் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, தானாகவே விறாந்தைக்குப் போய்விட்டார். உம்மம்மா என்னிடம் கேட்டார்: “நாம கதைக்கிறது டொக்டருக்கு மட்டுந்தானா கேக்கும், வேற ஆருக்கும் கேக்குமா?”

நல்ல கேள்வி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவல்களை விசேட பாதுகாப்புக்குரியவையாகக் கருதுகிறது. ஆனால் குடும்ப வட்ஸ்அப் குழுவில் மாமியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் போட்டு, “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பவரைச் சட்டம் வந்து தடுக்காது. நாம்தான் தடுக்க வேண்டும். அறிக்கையின் படத்தை வைத்தியருக்கு மட்டும் அனுப்பலாம்; அனுப்பிய பின் மற்றவர்களின் தொலைபேசியிலிருந்து அழித்துவிடலாம்.

இப்போது அழைப்பு நாளில் எங்கள் வீட்டில் ஒரு முறை இருக்கிறது. முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னல் பக்கம் கதிரை. மேசையில் அளவுக் கொப்பியும், குடிக்கிற குளிசைகள் எல்லாம் அட்டையோடும். கேட்க வேண்டியவற்றை முதல் நாள் இரவே உம்மம்மா சொல்ல நான் எழுதி வைப்பேன். மாமா விறாந்தையில் இருப்பார். கதைத்து முடிந்ததும் உம்மம்மாவே எழும்பிப் போய்க் கதவைத் திறப்பார்.